காசநோய் மருத்துவமனை இருந்த இடத்தில் ஒரு பூங்கா

இங்கிலாந்தின் தென்கரைக்கு எதிரே கடலில் இருக்கிறது வைட் தீவு. அத்தீவின் தென்கோடியில், மலைச்சரிவுக்கும் கடலுக்கும் நடுவே அமைந்த சிறிய நகரம் வென்ட்னர். அங்கே ஒரு தாவரப் பூங்கா உண்டு. குளிர்நாடான இங்கிலாந்தில் பனை வகை மரங்களும் ஆலிவ் மரங்களும் திறந்தவெளியில் வளர்வதைக் காண மக்கள் வருகிறார்கள்.

1964ஆம் ஆண்டு வரை அந்த இடத்தில் பூங்கா இல்லை. ஒரு காசநோய் மருத்துவமனை இருந்தது. ஏறக்குறைய 100 ஆண்டுகள் இயங்கிய அந்த மருத்துவமனையில் சுமார் 1 லட்சம் பேர் தங்கிச் சிகிச்சை பெற்றதாகக் கணக்கிடப்படுகிறது. பலர் நலமடைந்து வீடு திரும்பினர். திரும்பாதவர்களும் பலர்.

அந்த மருத்துவமனையின் தேவை தீர்ந்துபோனது, மூடினார்கள். அதற்கு முந்திய 15 ஆண்டுகளில் அப்படி என்ன நடந்தது? இந்தக் கேள்வி நம் குடும்பங்களுக்கும் தேவையான ஒன்று. ஏனெனில் காசநோய் உலகை விட்டுப் போய்விடவில்லை. மலேசியாவில் மட்டும் 2022ஆம் ஆண்டில் 25,000க்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது.

காற்றை நம்பிய நகரம்

காந்தியடிகளின் சத்திய சோதனையைப் படித்தவர்களுக்கு வென்ட்னர் என்ற பெயர் நினைவிருக்கலாம். லண்டனில் சட்டம் படித்தபோது சைவ உணவு பற்றிப் பேச அவர் போன ஊர் அது. எழுதி வைத்திருந்த உரையைக்கூட வாசிக்க முடியாமல் அவர் கூச்சத்தால் நடுங்கி நின்றதும், நண்பர் ஒருவர் அதை வாசித்து முடித்ததும் அங்கேதான்.

ஆனால் அந்நாளில் பெரும்பாலோர் வென்ட்னருக்குப் போனது காற்றுக்காகவும் வெயிலுக்காகவும். 1830 வாக்கில் டாக்டர் ஜேம்ஸ் கிளார்க் அந்தக் கடற்கரையின் மிதமான தட்பவெப்பம் நெஞ்சு நோயாளிகளுக்கு ஏற்றது என்று எழுதினார். அதன்பின் அந்தச் சிற்றூர் வளர்ந்தது. வடக்கே உள்ள குன்று குளிர்காற்றைத் தடுக்கிறது. தெற்கே கடல் பார்த்த சரிவில் குளிர்காலத்திலும் வெயில் படுகிறது.

நுரையீரல் நோயுடன் அங்கு வந்து உடல் தேறியவர்களுள் டாக்டர் ஆர்தர் ஹில் ஹசால் ஒருவர். உணவுப் பொருள்களில் கலப்படம் செய்வதை நுண்ணோக்கி மூலம் அம்பலப்படுத்திப் புகழ் பெற்றவர் அவர். பணக்காரர்கள் மட்டும் பெற்று வந்த இந்த வெயிலும் காற்றும் எளியோருக்கும் கிடைக்க வேண்டும் என்று எண்ணி, 1860களின் இறுதியில் நன்கொடை திரட்டி மருத்துவமனையை நிறுவினார்.

அக்காலத்து மருத்துவமனைகளில் ஒரே நீண்ட கூடத்தில் 20, 30 கட்டில்களைப் போட்டிருப்பார்கள். ஹசால் அப்படிச் செய்யவில்லை. கடலைப் பார்த்தபடி வரிசையாக வீடுகளைக் கட்டி, ஒவ்வொரு நோயாளிக்கும் தெற்கு நோக்கிய தனி அறை கொடுத்தார். நடுவில் ஒரு சிறு தேவாலயம் இருந்தது. காசநோய்க்குக் கிருமியே காரணம் என்பதை ராபர்ட் கோக் 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் தேதிதான் அறிவித்தார். அதற்கு முன்பே நோயாளிகளைத் தனித்தனி அறையில் வைத்தது பெரிய காரியம்.

படுக்கையே மருந்து

கிருமியைக் கண்டுபிடித்தும் அதைக் கொல்லும் மருந்து கிடைக்க மேலும் 60 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அதுவரை சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனைகள் கொடுத்தவை மூன்று: ஓய்வு, சுத்தமான காற்று, சத்தான உணவு.

இரண்டாம் உலகப் போர் 1945இல் முடிந்தபோதும் இங்கிலாந்தின் நிலை இதுதான். நோயாளி மாதக்கணக்கில் படுக்கையில் கிடக்க வேண்டும். நோய் கடுமையாக இருந்தால் எழுந்து உட்காரவும் அனுமதி இல்லை. குளிர்காலத்திலும் சன்னல்கள் திறந்தே இருக்கும். காய்ச்சல் அளவைத் தாதியர் தவறாமல் குறித்து வைப்பார்கள். காய்ச்சல் தணிந்து எடை கூடினால்தான் எழுந்து நடக்கலாம். முதலில் சில நிமிடங்கள், பிறகு கொஞ்சம் கூடுதலாக, அதன்பின் தோட்ட வேலை என்று படிப்படியாக உயர்த்துவார்கள். சளியைத் துப்ப மூடியிட்ட குவளை எப்போதும் கையில் இருக்கும்.

ஓய்வு எப்படி நோயைக் குறைக்கும்? நுரையீரலில் கிருமி அரித்த இடம் ஒரு புண். மூச்சு விடும் ஒவ்வொரு முறையும் அந்தப் புண் அசைகிறது. அசைவு குறைந்தால் புண் ஆறும் என்பது அன்றைய மருத்துவர்களின் நம்பிக்கை. அதையே ஒருபடி மேலே கொண்டுபோய், நோயுற்ற நுரையீரலைச் சுருங்க வைத்தார்கள். விலா எலும்புகளுக்கு இடையே ஊசியைச் செலுத்தி, நெஞ்சுக்கூட்டுக்கும் நுரையீரலுக்கும் நடுவே காற்றை ஏற்றுவார்கள். காற்று அழுத்த, நுரையீரல் சுருங்கி ஓய்வு கொள்ளும். ஏற்றிய காற்று உடலில் கரைந்துவிடும் என்பதால், ஓரிரு வாரத்துக்கு ஒரு முறை மீண்டும் ஏற்ற வேண்டும். இது ஆண்டுக்கணக்கில் தொடரும்.

அதற்கும் அடங்காத நோய்க்கு அறுவைச் சிகிச்சை. பல விலா எலும்புகளை இரண்டு மூன்று தவணைகளில் வெட்டி எடுத்து நெஞ்சையே உள்வாங்கச் செய்வார்கள். பிழைத்தவர்கள் ஒரு பக்கம் சரிந்த தோளுடன் வாழ்ந்தார்கள்.

இவற்றால் சிலருக்கு நோய் அடங்கியது உண்மை. ஆனால் கிருமி சாகவில்லை. உடலில் பதுங்கியே இருந்தது. வீடு திரும்பிய பலர் மீண்டும் அதே மருத்துவமனைக்கு வந்தார்கள்.

இலவச மருத்துவம் வந்தும் கட்டில் இல்லை

1947, 1948 ஆகிய ஆண்டுகளில் இங்கிலாந்திலும் வேல்சிலும் காசநோயால் இறந்தவர்கள் ஆண்டுக்கு 20,000க்கும் அதிகம். அதிலும் 20, 30 வயதுக்காரர்கள் அதிகமாகப் பாதிக்கப்பட்டது குடும்பங்களை நிலைகுலைய வைத்தது.

1948ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் தேதி, சுகாதார அமைச்சர் அனைரின் பெவனின் முயற்சியால் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியது. நன்கொடையை நம்பியிருந்த வென்ட்னர் மருத்துவமனையும் அரசின் கைக்கு வந்தது. நோயாளி கட்டணம் செலுத்த வேண்டியதில்லை.

ஆனால் காசநோயாளிக்குக் கட்டணத்தை விடப் பெரிய கவலை ஒன்று உண்டு. குடும்பத் தலைவர் ஓராண்டு மருத்துவமனையில் படுத்துவிட்டால் வீட்டு வாடகையை யார் கொடுப்பது? பிள்ளைகளுக்குச் சோறு யார் போடுவது? இந்தப் பயத்தால் இருமலை மறைத்துக்கொண்டு வேலைக்குப் போனவர்கள் ஏராளம். தங்கள் வீட்டில் இந்நோய் இருப்பது தெரிந்தால் பெண்ணுக்கு வரன் அமையாது, அண்டை அயலார் பேச மாட்டார்கள் என்ற அச்சமும் இருந்தது. நம் சமூகத்துக்குப் பழக்கமான இந்தக் கவலை ஆங்கிலேயக் குடும்பங்களிலும் அப்படியே இருந்தது.

இதை உணர்ந்த பிரிட்டிஷ் அரசாங்கம் போர்க்காலத்திலேயே, 1943இல், சிகிச்சை பெறும் நுரையீரல் காசநோயாளிகளின் குடும்பத்துக்கு உதவித்தொகை கொடுக்கத் தொடங்கியது. குணமாகி வேலைக்குத் திரும்பக் கூடியவர்களுக்கே அது கிடைத்தது என்பது பெரிய குறை. நோய் முற்றியவர்களின் குடும்பங்கள் கைவிடப்பட்டன. ஆயினும் வீட்டில் அடுப்பு எரிந்தால்தான் நோயாளி மருத்துவமனையில் தங்குவார் என்ற உண்மையை அரசாங்கம் ஒப்புக்கொண்டது அப்போதுதான்.

அதே 1943இல் நடமாடும் எக்ஸ்ரே சேவையும் தொடங்கியது. தொழிற்சாலைகளுக்கும் நகரங்களுக்கும் எக்ஸ்ரே வண்டிகள் சென்றன. இருமல் வருமுன்பே நோயைக் கண்டுபிடிக்க அது உதவியது. பிற்காலத்தில் புகழ்பெற்ற நாவலாசிரியர் ஆலன் சில்லிட்டோவுக்கும் எக்ஸ்ரேயால்தான் நோய் தெரிந்தது. அவர் பிரிட்டிஷ் விமானப் படையின் வானொலி இயக்குநராக மலாயாவில் பணியாற்றி, கெடாவின் குனோங் ஜெராய் மலையில் ஏறியவர். பணி முடிந்து விடுவிக்கப்படும் நேரத்தில் எடுத்த எக்ஸ்ரே, 20 வயதைத் தாண்டியிராத அந்த இளைஞருக்குக் காசநோய் என்று காட்டியது. இங்கிலாந்தின் ராட்டன் விமானப் படை மருத்துவமனையில் ஓராண்டுக்கும் மேலாகப் படுத்திருந்தார். அங்கே புத்தகங்களைப் படிக்கவும் எழுதவும் தொடங்கியவரின் முதல் நாவல் 1958இல் வெளிவந்தது.

எக்ஸ்ரே வண்டிகள் நோயாளிகளைக் கண்டுபிடித்தன. கட்டில்கள் போதவில்லை. கட்டில் இருந்த இடங்களில் தாதியர் இல்லை. நோய் தொற்றும் என்று பயந்து இளம்பெண்கள் சானடோரியம் வேலைக்கு வரத் தயங்கினார்கள். ஆயிரக்கணக்கானோர் காத்திருப்புப் பட்டியலில் இருந்தனர். வேறு வழியின்றி 1951 முதல் சில ஆண்டுகளுக்கு ஒரு பகுதி நோயாளிகளை அரசாங்கம் தன் செலவில் சுவிட்சர்லாந்து சானடோரியங்களுக்கு அனுப்பி வைத்தது.

முதல் மருந்தும் அதன் ஏமாற்றமும்

1943இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தில், ஆல்பர்ட் ஷாட்ஸ் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஸ்டிரெப்டோமைசினைக் கண்டறிந்தார். காசநோய்க் கிருமியை எதிர்த்த முதல் வலுவான மருந்து அது.

போரால் பொருளாதாரம் நலிந்திருந்த பிரிட்டனிடம் டாலர் பற்றாக்குறை. எல்லாருக்கும் மருந்து வாங்க முடியாது. கிடைத்த சிறு அளவைக் கொண்டு, இம்மருந்து உண்மையிலேயே பலன் தருகிறதா என்று சோதிக்க 1946இல் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் முடிவு செய்தது. சோதனையை வடிவமைத்தவர் புள்ளியியல் அறிஞர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில். இளமையில் காசநோயால் ஆண்டுக்கணக்கில் படுத்திருந்தவர் அவர்.

நோய் முற்றிய 107 இளவயதினர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். யாருக்கு மருந்து என்பதை மருத்துவர்கள் முடிவு செய்யவில்லை. ஒட்டப்பட்ட உறைகளுக்குள் இருந்த சீட்டே முடிவு செய்தது. 55 பேருக்குப் படுக்கை ஓய்வுடன் ஸ்டிரெப்டோமைசின் ஊசி. மற்ற 52 பேருக்கு ஓய்வு மட்டும். 6 மாத முடிவில் ஊசி போட்டவர்களில் 4 பேரும், போடாதவர்களில் 14 பேரும் இறந்திருந்தனர். 1948 அக்டோபரில் இம்முடிவு வெளியானது. மருந்துகளைச் சோதிக்க உலகம் முழுவதும் இன்று கையாளப்படும் முறைக்கு இந்த ஆய்வே முன்மாதிரி.

வெற்றிதான். ஆனால் அது நிலைக்கவில்லை. ஊசி போட்டவர்கள் முதலில் தேறினார்கள். சில மாதங்களில் பலருடைய சளியில் இருந்த கிருமி அந்த மருந்துக்கு அசையாமல் நின்றது. 5 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது இரு பிரிவிலும் பாதிக்கு மேற்பட்டோர் இறந்துபோயிருந்தனர்.

எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1948இல் இதே மருந்தைப் பெற்றார். ஸ்காட்லாந்து மருத்துவமனை ஒன்றில் இருந்த அவருக்காக அமெரிக்காவிலிருந்து அது வரவழைக்கப்பட்டது. கிருமி குறைந்தது. ஆனால் தோல் உரிந்து, வாய் புண்ணாகி, மருந்தை நிறுத்த நேர்ந்தது. நோய் திரும்பியது. 1950 ஜனவரி 21ஆம் தேதி லண்டனில் அவர் மறைந்தார்.

மருந்து ஏன் தோற்றது? நோயுற்ற நுரையீரலில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கும். அவற்றுள் ஒரு சில, இயல்பிலேயே ஒரு குறிப்பிட்ட மருந்துக்குச் சாகாதவை. ஒரே மருந்தைக் கொடுத்தால் மற்றவை எல்லாம் செத்து, அந்தச் சில மட்டும் தங்கிப் பெருகிவிடும். இரண்டு, மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் ஒன்றுக்குத் தப்பியது மற்றொன்றில் மடியும். எல்லாவற்றுக்கும் தப்பும் கிருமி மிக மிக அரிது.

சுவீடனின் ஜோர்கன் லேமன் உருவாக்கிய 'பாஸ்' என்ற மருந்தை ஸ்டிரெப்டோமைசினுடன் சேர்த்துக் கொடுத்தபோது இது மெய்யானது. 1952இல் ஐசோநயாசிட் மாத்திரை வந்தது. மலிவானது, வலுவானது. எடின்பரோவில் டாக்டர் ஜான் கிராஃப்டனின் குழு மூன்றையும் சேர்த்து, நோயாளி ஒருவேளைகூடத் தவறாமல் உட்கொள்வதைக் கவனித்து, ஏறக்குறைய அனைவரையும் குணப்படுத்திக் காட்டியது. அந்நாளில் மற்ற மருத்துவர்களால் அதை நம்பவே முடியவில்லை.

சென்னையில் கிடைத்த விடை

மருந்து குணப்படுத்துகிறது என்றால் படுக்கை எதற்கு? 1950களின் நடுவிலும் இங்கிலாந்தில் நோயாளிகளை மாதக்கணக்கில் படுக்க வைத்தே மாத்திரை கொடுத்தார்கள். 100 ஆண்டுப் பழக்கத்தை விட யாருக்கும் துணிவில்லை.

விடை சென்னையிலிருந்து வந்தது. லட்சக்கணக்கான நோயாளிகளுக்குக் கட்டில் போட இந்தியாவால் முடியாது. எனவே வீட்டில் இருந்தபடியே குணமாக முடியுமா என்று அறிய, 1956இல் சென்னையில் ஓர் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய, பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி அமைப்புகள், சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம் ஆகியவை கைகோத்தன. பிரிட்டனிலிருந்து டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமை தாங்க வந்தார்.

நகரின் ஏழை நோயாளிகள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் ஓய்வோடும் நல்ல உணவோடும் இருந்தனர். மற்றப் பிரிவினர் நெருக்கடியான தங்கள் வீடுகளிலேயே, குறைந்த உணவோடு, அன்றாட வேலைகளுக்கு நடுவே இருந்தனர். இருவருக்கும் ஓராண்டுக்கு ஒரே மாத்திரைகள். வீட்டில் இருந்தவர்கள் மாத்திரையை உண்மையில் சாப்பிடுகிறார்களா என்று திடீர் வருகையும் சிறுநீர்ச் சோதனையும் நடந்தன.

1959இல் வெளியான முடிவு மருத்துவ உலகை வியக்க வைத்தது. இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தனர். வீட்டில் நோயாளி இருந்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. குடும்பத்துக்கு நோய் தொற்றுவது பெரும்பாலும் சிகிச்சைக்கு முன்புதான் என்பதும் மருந்து தொடங்கியதும் தொற்றும் ஆற்றல் விரைவில் குறைந்துவிடுகிறது என்பதும் தெளிவாயின.

திறந்த சன்னலும் கடற்காற்றும் விலா எலும்பை வெட்டும் கத்தியும் இனித் தேவையில்லை என்பதைச் சென்னையின் ஏழை நோயாளிகள் உலகுக்குக் காட்டினார்கள். அந்த மையம் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இன்றும் சேத்துப்பட்டில் இயங்கி வருகிறது.

மருந்துகளாலும் எக்ஸ்ரே சோதனைகளாலும் இங்கிலாந்தில் சானடோரியக் கட்டில்கள் ஏற்கெனவே காலியாகி வந்தன. சென்னை ஆய்வுக்குப் பின் அவற்றை வைத்திருக்கக் காரணமே இல்லாமல் போனது. கேம்பிரிட்ஜுக்கு அருகில் காசநோயாளிகளுக்காகவே எழுந்த பேப்வர்த் மருத்துவமனை இருதயச் சிகிச்சைக்கு மாறி, 1979இல் பிரிட்டனின் முதல் வெற்றிகரமான இருதய மாற்று அறுவையைச் செய்தது. வென்ட்னர் மருத்துவமனை 1964இல் மூடப்பட்டு, 1969இல் இடிக்கப்பட்டது. 1970இல் அங்கே பூங்கா உருவானது. நோயாளிகளை ஈர்த்த அதே மிதமான வெயிலில் இப்போது மரங்கள் வளர்கின்றன.

ஆறு மாதம் என்பது ஆறு மாதம்தான்

1970களில் ரிஃபாம்பிசின், பைரசினமைட் மருந்துகளைச் சேர்த்துச் சிகிச்சைக் காலத்தைக் குறைக்கும் ஆய்வுகள் நடந்தன. அவற்றில் சிங்கப்பூர்க் காசநோய்ச் சேவை, பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தோடு சேர்ந்து முக்கியப் பங்காற்றியது. ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு என்றிருந்த சிகிச்சை 6 மாதமாகக் குறைந்தது. சாதாரணக் காசநோய்க்கு இன்று முதல் 2 மாதம் நான்கு மருந்துகளும், அடுத்த 4 மாதம் இரண்டு மருந்துகளும் கொடுக்கிறார்கள்.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். 2 மாதம் மாத்திரை சாப்பிட்டதும் இருமல் நிற்கிறது, பசி எடுக்கிறது, உடல் தேறுகிறது. நோய் போய்விட்டது என்று நினைத்து மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு லாலாங் புல்லைத் தெரியும். மேலே அரிந்துவிட்டால் நிலம் சுத்தமாகத் தெரியும். வேர் கீழே இருக்கும். ஒரு மழை பெய்தால் மீண்டும் தழைக்கும். காசநோய்க் கிருமியும் அப்படித்தான். முதல் 2 மாதத்தில் வேகமாகப் பெருகும் கிருமிகள் சாகின்றன. பதுங்கி உறங்கும் கிருமிகளைக் கொல்லத்தான் அடுத்த 4 மாதம். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பலாம். மாத்திரையை ஒழுங்கில்லாமல் சாப்பிட்டால், மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகும் ஆபத்தும் உண்டு. அந்தக் கிருமி வீட்டில் உள்ள பிள்ளைக்குப் பரவினால், பிள்ளைக்கும் சாதாரண மருந்து வேலை செய்யாது. 1947இல் ஒரே மருந்தை நம்பியவர்களுக்கு நேர்ந்ததை, எல்லா மருந்துகளும் கையில் இருக்கும் காலத்தில் நாமே வரவழைத்துக்கொள்வது வேதனையானது.

தாதியின் முன்னிலையில் மாத்திரையை விழுங்கச் சொல்லும் கிளினிக் நடைமுறையைச் சிலர் அவமானமாக நினைக்கிறார்கள். அது சந்தேகத்தால் வந்த முறை அன்று. 6 மாதம் தினமும் மாத்திரை சாப்பிடுவது யாருக்கும் கடினம் என்பதை உணர்ந்து செய்யப்படும் உதவி அது. சிறுநீர் செம்மஞ்சளாகப் போனால் அஞ்ச வேண்டாம். ரிஃபாம்பிசினின் நிறம் அது. கண் மஞ்சளானாலோ வாந்தி நிற்காவிட்டாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும். தாமாக மருந்தை நிறுத்திவிட்டு வீட்டில் இருக்கக் கூடாது.

குடும்பத்தாருக்கும் ஒரு கடமை உண்டு. காசநோய் காற்றின் வழியே பரவுகிறது. தட்டு, குவளை, துணிமணி வழியே பரவுவதில்லை. நோயாளிக்குத் தனித் தட்டு வைத்து ஒதுக்குவதால் யாருக்கும் பாதுகாப்பு இல்லை. அவர் மனம்தான் உடையும். வீட்டின் சன்னல்களைத் திறந்து வையுங்கள். தொடக்க வாரங்களில் அவர் முகக்கவரி அணியட்டும். வீட்டில் உள்ள மற்றவர்களும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், இருமல் மருந்தை மாற்றி மாற்றிக் குடிக்காமல் சளிப் பரிசோதனைக்குச் செல்லுங்கள்.

வென்ட்னரில் படுத்திருந்தவர்களில் எத்தனையோ பேர் இந்த மாத்திரைகள் வருமுன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் ஆண்டுக்கணக்கில் படுக்கையில் காத்திருந்த மருந்து, இன்று அரசாங்கக் கிளினிக்கில் நம் கைக்குக் கிடைக்கிறது. நாளை காலை விழுங்க வேண்டிய மாத்திரையை விட்டுவிடாமல் இருப்பது ஒன்றே நோயாளியின் பங்கு. அதை நினைவூட்டிப் பக்கத்தில் நிற்பது வீட்டாரின் பங்கு.